நீலம் இல்லை

என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு ஒரே கடை,
பெயர் எதற்கு?
நூற்று நாற்பத்து இரண்டு என்று சொல்ல வேண்டும்.
இன்னும் வாய் பழகவில்லை.

தவாஹி கொப்பரை காயவைக்கும் திட்டுக்குப் போனது
ஒரு செவ்வாய்க்கிழமை.
புதன்கிழமை அவன் படகு மட்டும்
பவளப்பாறைக்கு உட்புறம், கட்டாமல்,
மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது.
மோட்டார் இல்லை.
மஞ்சள் மோட்டார். மகளுக்குப் பிடித்த நிறமென்று
அவனே அடித்த மஞ்சள்.
மிச்சமான அரை டின்னைத் திருப்பி எடுத்துக்கொள் என்று
என்னோடு சண்டை போட்டு ஜெயித்தவன்.

பன்னிரண்டு நாள் கழித்து
தாஹிட்டியிலிருந்து விமானத்தில் போலீஸ்காரர் வந்தார்.
வெயிலுக்கு மூக்கு தோலுரிந்திருந்தது.
எல்லோரிடமும் ஒரே கேள்வி:
கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
ஊரே திங்கட்கிழமை என்றது.
ஞாயிறு என்றால் பூசையில் யார் பக்கத்தில் என்று கேட்பார்.
செவ்வாய் என்றால் கேட்டுக்கொண்டே இருப்பார்.
திங்கள் யாருக்கும் தொந்தரவில்லாத நாள்.
நானும் திங்கள் என்றேன்.
என்ன விற்றாய் என்று அவர் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் நோட்டைத் திறந்திருப்பேன்.
இதை எனக்கே நான் எத்தனை முறை சொல்லிவிட்டேன்!
வியாழக்கிழமை, கடன்:
நீல எனாமல் பெயின்ட், ஒரு டின்.
இரண்டு அங்குல பிரஷ், ஒன்று.
உப்புத்தாள், நான்கு.
அதற்கு மேலே ஒரு பெயர்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
அங்கே இருக்கிறது, என் கையெழுத்தில்.

மறுவாரம் படகுத்துறையில் ஒரு நீல மோட்டார் நின்றது.
புதிதா என்று ஒருவரும் கேட்கவில்லை.
தூண்டில்முள் வாங்கினால்கூட
நின்று விலை விசாரிக்கிற ஊர் இது.

ஹினாரி மாதாமாதம் வருவாள்,
புருஷன் பாக்கியைக் கட்ட.
அரிசி, டின் மாட்டிறைச்சி, டார்ச் பேட்டரி, சிகரெட்.
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
போன கப்பல் வந்த அன்று நாற்பது பிராங்க் மிச்சம்.
போகட்டும், முடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.
கையைப் பிடித்துக்கொண்டாள்.
"அது இருக்கட்டும்.
அதை அவர் வந்து கட்டட்டும்."
கோடு போடாமல் நோட்டை மூடினேன்.

நீல டின்னுக்கு நான் பணம் கேட்டதில்லை.
கேட்டால் சொன்னதாகிவிடும்.
அவனும் தந்ததில்லை.
தந்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.
கொப்பரை விற்ற நோட்டுகளை
என் கண்ணெதிரே எச்சில் தொட்டு எண்ணுவான்,
ஐந்து வருடமாக,
அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாண்டி எண்ணுவான்.

உப்புக்காற்று பெயின்டைத் தின்னும்.
முதலில் பிடிக்கருகே நகமளவு மஞ்சள்.
இந்த மழைக்குப் பிறகு உள்ளங்கை அளவு.
தவாஹியின் மகள் துறையில் மீன் கழுவுகிறாள்.
பன்னிரண்டு வயது.
கழுவி முடித்த மீனையே
மறுபடி மறுபடி கழுவிக்கொண்டு
அங்கேயே பார்க்கிறாள்.

நேற்று அவன் வந்தான்.
சிகரெட். தீப்பெட்டி.
பிறகு வாசலைப் பார்த்தபடி,
"நீல பெயின்ட் ஒரு டின்."

கப்பலில் வந்த ஆறு டின்கள்
மேசைக்கடியில் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தன.

இல்லை என்றேன்.
"அடுத்த கப்பலில்?"
வராது.
"வெள்ளை?"
இல்லை.
"கறுப்பாவது கொடு."

மஞ்சள் இருக்கிறது, என்றேன்.
அரை டின்.

காயலில் யாரோ வலை வீசும் சத்தம்.
சில்லறையை வாங்காமல் போனான்.
அறுபது பிராங்க்.
அவன் பெயருக்கு நேரே
அதையும் எழுதிவைத்தேன்.